கோத்தோமிலி

வாக்வா சந்தையில் முதல் சனிக்கிழமை
விரலால்தான் காட்டினேன்.
"கோத்தோமிலி" என்றாள் கடைக்காரி.
கழுத்தில் சிலுவை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.
பெயர் கேட்டேன்: ரோசலின் சின்னப்பென்.
தமிழா?
"வீ, தமூல்" என்று நெஞ்சைத் தொட்டாள்.
அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.
கப்பலேறி வந்தவர்கள் எதை எதையோ
கடலில் போட்டிருக்கிறார்கள்,
இந்த ஒரு கட்டைப் போடவில்லை.

விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரே அடுப்பு.
ரசத்துக்கு நான் கிள்ளும்போது
லியூ மெய்ஃபென் வந்து
ஒரு கை அள்ளிப் போவாள், தன் நூடுல்ஸுக்கு.
கேட்க மாட்டாள். வேரையும் விட மாட்டாள்.
முதல் மாதம் முழுக்கச் சண்டை.
அவள் சீனத்தில், நான் கரூர்த் தமிழில்.
இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

புயல் கிட்டே வந்த பிற்பகல்
மின்சாரம் போய் தையல் எந்திரங்கள் நின்றன.
கைபேசியைப் பேசவைத்து அவள் சொன்னது,
பாதி பிசகித் தமிழில் வந்தது:
ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாளாம்.
பழைய இழுப்பறை ஒன்றில்
மல்லி விதைக்கு வேறு பெயர் இருந்ததாம்.
தையல் சாக்கட்டியால்
கருநீல ஜீன்ஸ் துணிமேல் எழுதினாள்.
ஹு. சுய்.

ஹு என்றால்?
கைபேசி யோசித்தது. "அந்நியர்" என்றது.
பிறகு "மேற்கேயிருந்து வந்தவர்."
பிறகு, யாரும் கேட்காமலே, "தாடி."

அங்கே முன்பொரு காலம் அரசனானவன்
தானே ஒரு ஹு-வாம்.
அந்தச் சொல் யார் வாயிலும் வரக்கூடாதென்றானாம்.
அதனால் கீரைக்குப் பெயர் மாறியதாம்,
மணக்கும் கீரை என்று.
கீரைக்கு அது தெரியுமா, கேட்டேன்.
கைபேசி என்னவென்று மாற்றியதோ,
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

போன மாதம் இருவருக்கும் காய்ச்சல்.
ஆஸ்பத்திரியில் ஒரே வரிசை எங்களுக்கு.
எத்ரான்ஜே, என்று பலகை.
தாடி இல்லாமலே நின்றோம்.

விளக்கு வந்தது. சூப்பர்வைசர் கைதட்டினார்.
எழுத்தைத் தட்டிவிடக் கை நீட்டினேன்,
அதற்குள் துணியைத் திருப்பிவிட்டாள்.
அது ஒரு பின்பாக்கெட்டின் உள்பக்கம்.
மூன்று பக்கமும் தைத்தேன்.
அடுத்து சலவைக்குப் போகும், போனதும் அழியும்,
அதற்காக ஒரு தையல் குறைக்கவில்லை.

புயலுக்குப் பிறகு கட்டு அறுபது ரூபாய்,
அதுவும் சேறோடு, பத்தே தண்டு.
பாதிக் காசு மெய்ஃபென் கொடுத்தாள்.
ரோசலினிடம் பழைய பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.
"ஹு-சுய்."
"பே நோன்" என்று தலையாட்டினாள்,
"கோத்தோமிலி."
கொத்துமல்லி, என்றேன்.
அதுவும் தப்பாம்.
சரியாகச் சொல்லும்வரை
கட்டைக் கையிலிருந்து விடவில்லை.