இரண்டாவது பேட்டரி

மின்வாரியம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப்.
கதவில் 'அவசரப் பணி' என்று
வெயில் தின்றது போக மிச்சமிருந்த எழுத்து.
சீட்டை எடுத்து வாங்கினாள் சலோமி.
"ரோட்லயே படுக்கறவனுக்கு எதுக்குடி டென்ட்டு?"

நான் டிரெய்லர் ஓட்டுகிறவன்.
ஜீரோ கேட் வரிசையில்
இரண்டு ராத்திரி, சிலசமயம் மூன்று,
ஸ்டியரிங் மேல் கால் போட்டுத் தூங்குகிறவன்.
"அது எவனோ பொட்டி, எவனோ வண்டி.
இதுல நீ சும்மா குந்து."

மூலக்கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள்.
ஆறு ஞாயிற்றுக்கிழமை
தண்டையார்பேட்டை சந்தையே அடைத்துப்போனது
எங்கள் ஜீப்பால்.
மணலி யார்டில் உடைத்த பேக்கிங் கட்டையில்
பின்னால் இரண்டு இழுப்பறை.
ஒன்று திறக்கும்,
மற்றதைத் திறக்க நிஸ்ஸி உதைக்க வேண்டும்.
கூரையில் கறுப்படித்த பிவிசி பைப்,
ஒரு முனையில் சைக்கிள் வால்வு:
வெயிலில் தண்ணீர் சுடும், பம்ப் அடித்தால் குளிக்கலாம்.
நிழலுக்கு ஃபிளெக்ஸ் பேனர்.
யார் வீட்டுப் பிள்ளையோ,
காதணி விழாவில் எங்களைப் பார்த்துத்
தலைகீழாகச் சிரிக்கும்.
சீட்டுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி,
என் லாரியில் கழித்தது.
"இது ஃபேனுக்கும் லைட்டுக்கும்.
வண்டி ஸ்டார்ட் ஆவற பேட்டரில
ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."
நடுவில் ஒரு ரிலே. அதற்கு மட்டும்
மஞ்சள் குங்குமம் வைத்தாள் பக்கத்து வீட்டு அக்கா,
நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள்.

பழவேற்காடு போவதாகத்தான் பேச்சு.
எண்ணூர் தாண்டியதும் ரேடியேட்டர் பொங்கிவிட்டது.
தள்ளிக்கொண்டுபோய்
முகத்துவாரம் பக்கம் மணலில் நிறுத்தினோம்.
வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர்.
ஆல்வின் சொன்னான்:
"இது டூரா, பிரேக்டவுனா?"
ரெண்டும்தான், படு.

படுக்க முடியவில்லை.
கிரேன் சத்தம் இல்லை, கூட்ஸ் வண்டி இல்லை.
பின்னால் யாரும் ஹார்ன் அடித்து
"முன்னே எடு" என்று கத்தவில்லை.
தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்
சிவப்பு விளக்கை முழித்து முழித்து மூடின.
அதன் காலடியில் குப்பம் முழுக்க
இருட்டு.

பத்தரை மணிக்குப்
பேனரைத் தூக்கிக்கொண்டு ஒரு டார்ச் வந்தது.
பின்னால் ஏழெட்டுப் பேர்.
"சார், சாயந்தரம் ஆறு மணிக்குப் போனது.
இப்பதான் வர்றீங்க."

கதவைக் காட்டினார்கள்.
நான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் கைலி மேல் சட்டையை மாட்டிக்கொண்டு
டெஸ்டரோடு இறங்கிவிட்டாள் சலோமி.
"டிரான்ஸ்ஃபார்மர்ல நான் கை வைக்க முடியாதுண்ணா,
அது அவங்க வரணும்.
போன் இருந்தா கொண்டாங்க."

பானட் மேல் பதினாறு போன்.
ஒயரை உரித்து உரித்து
கொடியில் கருவாடு காயப் போடுவதுபோல் மாட்டினாள்.
ஒரு கைக்குழந்தைக்கு எங்கள் ஃபேன் போனது,
பாயோடு, டேப் சுற்றிய ஒயரோடு.
எங்களுக்குக் கொசு.

வாரியத்துக்குப் பதினாறு போனிலிருந்தும்
மாற்றி மாற்றி அடித்தார்கள்.
பதினாறுக்கும் ஒரே பதில்,
மிகவும் மரியாதையான குரலில்.
நான் எப்போது தூங்கினேன் தெரியாது.
மணல். முதுகுக்குக் கீழே மணல்தான்.
கால் நீண்டிருந்தது.

விடிந்தபோது இரண்டாவது பேட்டரி செத்திருந்தது.
முதல் பேட்டரியில் ஒரே அடியில் ஸ்டார்ட்.
சலோமி என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு வாளி நண்டை இழுப்பறையில் கொட்டினார்கள்.
திறக்கிற இழுப்பறை இல்லை, மற்றது.

புதன்கிழமை.
எனக்கு முன்னால் நூற்றுப்பத்து வண்டி.
தெரியாத நம்பர்.
"சார், அவசரப் பணி சாரா?
இன்னிக்கும் போயிடுச்சு சார்."
நான் சலோமி நம்பரைக் கொடுத்தேன்.