மீன்கண்

தொட்டிக்குள் இறங்கி ஏறுகின்றன கண்ணாடிகள்.
கண்ணாடி என்பது பேச்சுக்கு.
பிளாஸ்டிக்தான் அத்தனையும்.
நகம் பட்டால் கீறும், கைக்குட்டை பட்டாலும் கீறும்,
பனிச்சறுக்குக்குப் போகும் பிள்ளைகளின் மூக்குமேல்
ஒரு வாரம் தாங்காது
நாங்கள் ஒரு தோல் போர்த்தி அனுப்பாவிட்டால்.

தோலின் கனம் ஐந்து மைக்ரான்.
என் தலைமுடி ஒன்றைப் பதினாலாய்ப் பிளந்தால்
அதில் ஒரு பங்கு.
மெதுவாகத் தூக்கினால் மெல்லிசு,
வேகமாகத் தூக்கினால் தடிப்பு,
நடுங்கினால் வரிவரியாய் அலை.
ஆகவே தூக்குவது மோட்டார்.
மனிதக் கைக்கு மிச்சம்
கொக்கியில் மாட்டுவதும் கழற்றுவதும்.
அந்தக் கை நூர்ஹயாத்துடையது.

ஒயோனாவில் ஜனவரி.
கார்க் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும் மாதம்.
உள்ளே மட்டும் ஒரே பருவம்,
வடிகட்டிய காற்று,
தலைக்கு உறை, காலுக்கு உறை,
தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
பூச்சு விலகி நின்ற ஒரு குழி,
சுற்றிலும் வரப்பு, நடுவே வெறும் பிளாஸ்டிக்.
மீன்கண் என்போம் அதை.
கவிதை எழுதுகிறவர்கள் சொக்கிப்போவார்கள்.
எங்களுக்கு அது குப்பைப் பெட்டி.

புதன் நூற்றுப் பன்னிரண்டு.
வியாழன் முந்நூறு.
வடிகட்டி மாற்றினோம்.
தொட்டியைக் கவிழ்த்தோம், நாற்பது லிட்டர்,
பெராஷோன் அதன் விலையை
ஒவ்வொரு லிட்டருக்கும் உரக்கச் சொன்னார்.
காற்றுக் குழாயை முகர்ந்தோம்.
கூரையைத் திட்டினோம்.

வெள்ளி இரவு
கழிந்தவற்றை மேசையில் பரப்பி உட்கார்ந்தேன்.
எல்லாக் குழியும் இடது ஓரம்.
கட்டைவிரல் அமரும் இடம்.

காப்பி மெஷின் அருகே பாதாம் வாசனை.
நூர்ஹயாத் சட்டைப் பையில் ஒரு டியூப்.
ஆல்கஹாலில் துடைத்துத் துடைத்து
அவள் விரல் மடிப்புகள் வெடித்திருந்தன,
கோடையில் குளம் வெடிப்பதுபோல்,
சிவப்பாய், சில இடத்தில் ஈரமாய்.
கிரீம் பூசிய விரலால் கையுறையை இழுக்கிறாள்,
கையுறை கண்ணாடியைத் தொடுகிறது.
அவ்வளவுதான் கதை.

டியூப்பின் முதுகில் மூன்றாவது பெயர் டைமெத்திகோன்.
தொட்டியில் இருப்பதும் சிலிக்கான் வம்சம்,
டியூபில் இருப்பதும் சிலிக்கான் வம்சம்.
பங்காளிகள்.
ஒரு பந்தியில் உட்கார மாட்டார்கள்.

"மருந்துக்கடைக்காரி கொடுத்தாள்" என்றாள்.
பிறகு, "எத்தனை போச்சு?"
சொன்னேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்,
திருடினவள் மாதிரி.

அறிக்கையில் ஒரு கட்டம், 'காரணம்'.
இன்னொரு கட்டம், 'பொறுப்பாளர்'.
முதலாவதில் எழுதினேன்: கையுறை, அசுத்தம்.
இரண்டாவதில் ஒரு கோடு போட்டேன்.
பெராஷோன் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

திங்களன்று தேன்மெழுகுக் களிம்பு வாங்கி வந்தேன்,
ஆட்டுக் கம்பளி நாற்றம் அடிக்கும், சிலிக்கான் இல்லை.
தொட்டி தெளிந்திருந்தது. புதுத் தோல் காய்ந்து வந்தது.
பென்சில் சோதனை:
நாற்பத்தைந்து பாகை சாய்த்து அழுத்தித் தள்ள வேண்டும்.
எச் தள்ளினேன், கீறவில்லை.
இரண்டு எச். மூன்று எச்.
எழுதப் பிறந்த பென்சில்
எதையும் எழுதாமல் வழுக்கிப் போனால்
நாங்கள் ஜெயித்தோம் என்று அர்த்தம்.

நூர்ஹயாத் பென்சிலை வாங்கினாள்.
களிம்பு மினுங்கும் தன் புறங்கையில்
அதே சாய்வில், அதே அழுத்தத்தில்,
மணிக்கட்டுவரை இழுத்தாள்.
"நான் பாஸ் ஆகலை" என்றாள், சிரித்தாள்.

கோட்டைத் துடைக்காமல்
அதன்மேல் கையுறையை மாட்டிக்கொண்டு
வரிசைக்குப் போனாள்.
அதுவும் விதிமீறல்தான்.
அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.
நான் அடுத்த கண்ணாடியை எடுத்தேன்.