நூற்றாறு டிகிரி

அரிசோனா, டோனோபாவுக்கு மேற்கே மண்சாலையில் பதினோரு மைல்.
கதவில் இரண்டு பூட்டு.
ஒன்றின் சாவி என்னிடம்.
மற்றது யாரிடம் என்று
நீர்வள அலுவலகத்துக்கே தெரியாது.
மாதம் ஒருமுறை
கம்பியைத் தூக்கி ஊர்ந்துதான் போகிறேன்,
அளவெடுக்க.

வெந்நீரில் வீடு வேகாது என்பார்கள்.
நாற்பது அறை விடுதி இங்கே
ஒரு சிகரெட்டில் வெந்தது.
மிச்சம், எங்கும் ஏறாத எட்டுப் படி,
ஓடு பெயர்ந்த தொட்டி,
‘மூட்டுவலிக்காரர்கள் முதலில்’ என்றொரு பலகை,
யாரோ சுட்டுப் பழகிய ஓட்டைகளுடன்.

ஊற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
கடையைப் பூட்டிப் போனபின்னும்
உள்ளே சுற்றும் மின்விசிறி மாதிரி
அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

குடித்துக்கொண்டிருந்த காட்டுக்கழுதை
தலை தூக்கிப் பார்த்தது,
அனுமதி உண்டா என்று கேட்பதுபோல.

வெப்பமானியில் நூற்றாறு.
மனிதருக்கென்றால் ஜன்னி கண்டிருக்கும்.
ஆழம், போன மாதத்தைவிட மூன்று விரற்கடை குறைவு.
கிழக்கே குதிரைமசால் வயல்களில்
பம்புகள் ஓடும் சத்தம்.
எழுதிக்கொண்டேன்.

காலணி கழற்றியதை எழுதவில்லை.
முழங்கால்வரை இறங்கி
கால்மணி நேரம் நின்றதையும்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

படியில் என் ஈரத் தடங்கள்.
கம்பிக்கு அடியில் தலையை நீட்டித்
திரும்பிப் பார்ப்பதற்குள்
இடது கால் காய்ந்திருந்தது.