பகல் தூக்கம்

இரவு டிராம் ஓட்டிவிட்டு
ஊர்வே வந்து படுக்கும்போது
தாலினில் விடிந்திருக்காது.
எட்டாவது மாடி. மெல்லிய சுவர்.
அதற்கு அந்தப்பக்கம்
எண்பது லிட்டர் காடு:
பாசி, பெரணி, சிவந்த தண்டுச் செடிகள்,
உள்ளே ஒரு மோட்டார்
ம்ம்ம் என்று.

"டிப்போவிலேயே தூங்கிக்கிறேன்" என்றாள் நேற்று,
கோபமே இல்லாமல்.
அதுதான் தைவோவை உறுத்தியது.

யோகா பாயை வெட்டித்
தொட்டிக்கு அடியில் செருகினான்.
குழாய் சுவரில் உரசிய இடத்தில்
சைக்கிள் டியூப் துண்டு.
இரண்டு விரற்கடை நீர் ஊற்றியதும்
சலசலப்பு அடங்கியது,
முனகல் அடங்கவில்லை.

மோட்டாரை நிறுத்திக் கழற்றி
பழைய டூத் பிரஷ்ஷால்
விசிறிக் குழியைத் துலக்கினான்.
கடுகளவு நத்தை ஒன்று
ஓட்டின் ஓரம் தேய்ந்து
காந்தத்தை ஒட்டிக் கிடந்தது.
உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தான்.
வெகுநேரம் கழித்து
கொம்பு நீட்டியது.

அதைப் பெரணி இலையில் விட்டுவிட்டு
சுவிட்சைப் போட்டான்.
ஓடுகிறதா என்று
விரலை நீருக்குள் விட்டுத்தான்
தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கதவு திறந்தது.
கலைந்த தலையோடு ஊர்வே:
"சத்தத்தைக் காணோம்,
மீனுக்கு ஏதும் ஆயிடுச்சா?"