தலைக்கு ஒரு கிலோ

சனிக்கிழமை எட்டாம் நம்பர் ட்ராம்
நொய்பாடில் ஏறும்போது காலி.
ரைன் ஆற்றைத் தாண்டியதும்
உருட்டுப் பைகள் ஒன்றையொன்று முட்டத் தொடங்கும்.
பாசல் முடிந்து வைல் தொடங்குவது
வெளியே பார்த்தால் தெரியாது.
கைபேசிதான் சொல்லும்,
ஜெர்மனிக்கு நல்வரவு என்று.

சுங்கத்தின் கணக்கு எனக்கு மனப்பாடம்.
இறைச்சி என்றால் தலைக்கு ஒரு கிலோ.
தள்ளுவண்டிலில் படுத்திருப்பதும் தலைதான்.
துவாரகன், துடக்குக் கழிந்த மறுவாரமே
எல்லை தாண்டியவன்,
ஒரு கிலோ கோழித்தொடைக்குச் சொந்தக்காரனாக.

இவருக்குச் சனியும் வேலை.
ஆக நான், அபிஷனா, துவாரகன்.
நாலாவது கிலோ
மூன்றாம் மாடிக் குகதாசன் அண்ணை.

அவர் மச்சம் தொடுவதில்லை,
அக்கா போன நாளிலிருந்து.
மரக்கறிக்காரனின் கிலோ
சும்மா கிடந்து என்ன பயன் என்று
கதவடியில் வந்து அவரே கேட்டார்.
ட்ராம் காசு என்னுடையது, கிலோ அவருடையது.
அவருக்கு வேண்டியது தயிர், ஓட்ஸ், மலிவுப் பற்பசை.
மிச்ச நேரமெல்லாம் நடு வரிசையில் நிற்பார்,
கிழமைக்குக் கிழமை மாறும் அந்த அதிசயத் தொட்டிகளுக்கு முன்னால்.
மீன்பிடிக் காற்சட்டை. வெல்டிங் முகமூடி.
நாய்க்கு மழைச்சட்டை.
எடுத்து, விலை பார்த்து,
எடுத்த இடத்திலேயே வைப்பார்.
ஒருமுறை மட்டும் வாங்கினார்,
நெற்றியில் கட்டுகிற விளக்கு.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன சனி.
கல்லாவில் இருக்கும் பெண்ணின் வேகம் தெரியும்தானே,
பையின் வாயைத் திறப்பதற்குள்
பாலும் மாவும் தாண்டித் தக்காளி வந்து மோதும்.
என் நான்கு பொதி கோழி பட்டையில் ஊர்ந்தது.
பின்னால் அண்ணை
பிரிக்கும் கட்டையை எடுத்து வைத்தார்.
தயிர். ஓட்ஸ்.
அதற்கும் பின்னால்
முப்பது வீதக் கழிவு ஒட்டிய
ஆட்டிறைச்சி, எழுநூற்றைம்பது கிராம்.

நான் ஆட்டைப் பார்த்தேன்.
அவர் சூயிங்கம் தட்டைப் பார்த்தார்.

"பிள்ளை, இந்தக் கிழமை
என்ர கிலோ எனக்கு வேணும்" என்றார்,
கடன் கேட்பவரின் குரலில்.
பிறகு அவசரமாக,
"கால் கிலோ மிச்சம் இருக்கு, நீங்கள் எடுக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன்,
எரிச்சல்தான் முதலில் வந்தது.
நாலாவது பொதி ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி.
அபிஷனாவின் சிநேகிதிகள் வருகிறார்கள்.
கால் கிலோவுக்குக் கோழியை எங்கே வெட்டுவது?
அதற்குள் அந்தப் பெண் நான்கையும் இழுத்துவிட்டாள்.
ஒன்றைத் திருப்பி எடுங்கள் என்பதற்கு
ஜெர்மன் வார்த்தை வரப் பிந்தியது.
வரிசை முழுவதும் மூக்கால் மூச்சுவிட்டது.

அன்று பார்த்து எல்லையில்
நீல உடுப்பு ட்ராமுக்குள் ஏறியது.
இறைச்சி ஏதும்?
வழக்கமாக அண்ணை என் பையைக் கை காட்டுவார்,
அதற்குள்தான் தன் பங்கு என்பதுபோல.
அன்று தன் பையைத் தானே திறந்தார்.
"ஆடு. எழுநூற்றைம்பது."
கேட்காமலே சேர்த்தார், "என்னுடையது."
அதிகாரி அதற்குள் அடுத்த இருக்கைக்குப் போயிருந்தார்.

இறங்குமுன் மெதுவாகக் கேட்டார்,
எத்தனை விசில் வைக்க வேணும் என்று.
இளசோ முத்தலோ தெரியாது அண்ணை,
ஆறு வையுங்கோ என்றேன்.

இரவு, படுக்கையில் கிடந்தபடி
மேல்மாடியை எண்ணினேன்.
முதலாவது ஒன்பதே முக்காலுக்கு.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
அடுப்பைக் குறைத்துவிட்டாரோ என்னவோ.
நாலு. ஐந்து.
பத்து மணிக்குமேல் இந்தக் கட்டடத்தில்
தண்ணீர் திறக்கவும் யோசிப்பார்கள்.
ஆறாவது பத்தே காலுக்கு வந்தது, நீளமாக.
ஒருவரும் கதவைத் தட்டவில்லை.