கவிழ்த்த வாளி

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு
ஹசாவியில், தக்காளி வண்டிக்கும்
பழைய செருப்பு விற்பவனுக்கும் நடுவே
ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டால்
ஆஸ்பத்திரி திறந்தாயிற்று.

மொக்லேசூர் மற்ற ஆறு நாளும்
சால்மியாவில் ஒரு பல் கிளினிக்கில் தரை துடைப்பவன்.
துடைப்பத்தோடு நின்று பார்த்தே படித்தான்,
ஒன்பது வருசம்.
எந்தப் பல் ஆடும், எது அடம்பிடிக்கும்,
எந்த வீக்கத்தைத் தொடக்கூடாது என்று தெரியும்.
தொடக்கூடாததைத் தொட்டதில்லை.
“ஃபர்வானியா போ, பெரிய ஆஸ்பத்திரி” என்று எழுப்பிவிடுவான்.
இக்காமா இல்லாதவன்
எழுந்திருக்க மாட்டான்.

குறடு கொதிப்பது கோயாவின் டீக்கடையில்.
அதற்குத் தனிக் கெட்டில் என்று கோயா சத்தியம் செய்வான்.
நான் அங்கே டீ குடிப்பதில்லை.

என் முறை வந்தது ஆகஸ்டில்.
நாற்பது மீட்டர் உயரச் சாரத்தில் நிற்கையில்
கடைவாயில் ஒரு வெல்டிங் பொறி.
மூன்று நாள் கிராம்பு, இரண்டு நாள் பனடோல்,
ஒரு நாள் வெறும் சுவர்.

வாளியில் உட்கார்ந்தேன்.
அவன் முழங்காலில் என் பின்தலை.
சூசை மிக்கேல் போனில் டார்ச் அடித்தான்.
“எல்லாப் பல்லும் தேஞ்சிருக்கே பாய்,
கல்லா தின்னுற?”
அரைகுறை இந்தியில் கேட்டான்.
வாய்க்குள் அவன் விரல். எப்படிச் சொல்ல?
ஏர்போர்ட்டில் அண்ணன் சொன்னது:
ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருடா.
ஏழாகிறது.
வீட்டு லோன், தங்கச்சி வளைகாப்பு, மச்சான் ஆட்டோ,
எல்லாவற்றையும் கடித்தேன்.
தூக்கத்திலும் கடிக்கிறேனாம்.
மேல்கட்டில் தெலுங்குக்காரன் ரொம்ப நாள்
எலி என்று நினைத்து
ரொட்டியை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

ஒரு முறுக்கு.
தலைக்குள் ஏதோ கதவு கீலோடு பெயர்ந்தது.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்:
மூன்று வேர், நடுவில் கறுப்புக் குழி.
இத்துனூண்டு.
இதற்கா அப்படி அழுதேன்.

ஒரு தினார் கேட்டான்.
என்னிடம் கால் தினார். சம்பளம் மூன்று மாதமாக ‘புக்ரா, புக்ரா’.
அட்டையில் குறித்துக்கொண்டான்.
பெயர் எழுதவில்லை; ஒரு வாய் வரைந்து
ஒரு பல்லில் புள்ளி.
அட்டை முழுக்க அப்படித்தான் அவனுக்குக் கடன்பட்டவர்கள்,
வாய் வாயாக.

அன்று ராத்திரி வீடியோவில் பூங்கோதை,
“ஏன் வாயில கை வச்சுக்கிட்டே பேசுறீங்க?”
சொன்னேன்.
“இன்னும் ஒரு வருசம், பல்லக்…” என்று தொடங்கியவள்
நிறுத்திக்கொண்டாள்.
சிரித்துவிட்டோம்.
பஞ்சு நனைந்தது.

நவம்பரில் பலதியா வண்டி ஒரு முனையிலும்
போலீஸ் பஸ் மறுமுனையிலும் தெருவை அடைத்தன.
தக்காளி உருண்டது. செருப்பு விற்பவன்
வெறுங்காலோடு ஓடினான்.
மொக்லேசூர் ஓடவில்லையாம்.
முழங்காலில் ஒருவன் தலை இருந்தது,
பல் பாதி வந்திருந்தது.
முழுசாக எடுத்து, பஞ்சு வைத்து, கடி என்று சொல்லிவிட்டுத்தான்
பஸ்ஸில் ஏறினானாம்.

அவனிடம் இரண்டு குறடு.
ஒன்று அவனோடு போயிற்று.
மற்றது யாரும் அணைக்காத அடுப்பில்
இஷா வரைக்கும் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளி
முக்கால் தினாரை மடித்து வைத்துக்கொண்டு போனேன்.
வாளி அதே இடத்தில் கவிழ்ந்திருந்தது.
அதன்மேல் ஒரு பையன், பீகாரியோ நேப்பாளியோ,
ஒரு கன்னம் ஆரஞ்சாய் வீங்கி.
எதிரே நின்ற என்னை யாரென்று நினைத்தானோ,
தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான்.

கோயா குறட்டைத் துணியில் சுற்றி நீட்டினான்.
ஸ்பானர் பிடிக்கும் கை இது.
வாங்கவில்லை.
போனை எடுத்து டார்ச் அடித்தேன்.
ஏன் என்று தெரியாது, அடித்தேன்.
உள்ளே பார்த்தேன்.

எல்லாம் தேய்ந்திருந்தன.
இருபது வயசுகூட இருக்காது.
வாயை மூடு என்பதற்கு இந்தியில் என்ன என்று
அந்த நேரம் பார்த்து
எனக்கு மறந்து போயிருந்தது.