'கரண்ட்' என்று சேமித்த எண்

ஐப்பசிக் காற்று மஞ்சக்குப்பம் மாடியில்
சாத்திய கதவையும் ஆட்டிப் பார்க்கிறது.
லேப்டாப்பில் நாற்பது நிமிட சார்ஜ்.
அதற்குள் இந்த இன்டர்ஃபேஸை
உடைத்துக் கட்டியாக வேண்டும்.

பழையது எளிது:
பெயரைக் கொடு, ஒரு முகவரி வாங்கிக்கொள்.
அங்கே ஆள் இருக்கிறதா, மூச்சு முட்டுகிறதா,
போயே சேர்ந்துவிட்டதா
கேட்காது.
பக்கத்தில் ஐந்து சர்வர் கொட்டாவி விட,
ஒன்றின் தலையில் ஊரே ஏறும்.

மெகர்நிஷா ரிவ்யூவில் ஒரே வரி எழுதியிருந்தாள்:
'பெயர் சொல்கிறவனே ஏன் ஆளையும் பொறுக்குகிறான்?'
இரண்டு நாளாக அந்த வரியோடு மல்லுக்கட்டு.

மின்சாரம் போனது.

எங்கள் தெருவில் எல்லார் போனிலும்
'கரண்ட்' என்றொரு பெயர் உண்டு.
அழுத்தினேன். பிஸி. பிஸி.
பதினோராம் முறை பாடலீசன் எடுத்தார்.

"சார், நான் குறிஞ்சிப்பாடிக்கு மாத்தலாகி
ஏழு மாசம் ஆவுது.
இப்ப இங்க கம்பம் ஏறப் போறேன்.
சரி, நீங்க எந்த டிரான்ஸ்பார்மர்?"

சொன்னேன்.

"பீச் ரோட்டுல அருள்பிரகாசத்துக்கு
மூணு கம்பம் விழுந்து கெடக்கு, அவனக் கூப்டாதீங்க.
ஜெகபர் முதுநகர்ல இப்பதான் முடிச்சான்.
அனுப்புறேன்.
வண்டிப்பாளையம் நம்பர் வச்சிருந்தா எடுத்துருங்க,
அவரு ரிடையர் ஆயிட்டாரு."

மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு
மின் கட்டண ரசீதின் முதுகில் எழுதினேன்:
பெயர் ஒரு முகவரியைத் தர வேண்டாம்.
வந்தவர் வந்தார், போனவர் போனார் என்று
விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.
யார் தோளில் ஏற்றுவது என்பது
வேறொரு ஆளின் வேலை.

எழுதிய பிறகுதான் உறைத்தது.
பாடலீசன் இரண்டையும் செய்தார்,
மழையில், ஒரு கையில் போனோடு.
பிரித்துக் கொடுக்க அவருக்கு
வேறொரு ஆள் இல்லை.

ஒன்றேகாலுக்கு ஜெகபர் வந்தார்,
தலையில் பாலிதீன் பை கட்டிக்கொண்டு.
ஃபேன் முனகிச் சுற்றியது.
கமிட் செய்தேன். இரண்டு டெஸ்ட் தோற்றது.
காலையில் பார்க்கலாம்.

போனைத் திறந்து 'கரண்ட்' பெயரில்
ஜெகபர் எண்ணைச் சேர்த்தேன்.
பழைய எண்ணின் மேல், 'நீக்கு' என்ற இடத்தில்
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
அடுத்த புயலில் இவரைப்போல் யார் எடுப்பார்?

இருந்தாலும் ஒரு அழைப்பாவது குறையட்டும்.
நீக்கினேன்.

தெருவில் இன்னும் முப்பது போன்களில்
அவர் கரண்டாகவே இருக்கிறார்.